பழைய அலாரத்தைக் கழற்றி எறிய வேண்டுமா?

கேள்வி: திருச்சியில் தனி வீடு. 2013-ல் கட்டும்போதே சுவருக்குள் ஒயர் ஓட்டி, திருட்டு அலாரம் வைத்தோம். வாசல், பின்கதவு, மொட்டைமாடிக் கதவு மூன்றிலும் கதவு திறந்தால் தெரிவிக்கும் மேக்னட். ஹாலிலும் மாடிப்படியிலும் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார். அலாரத்திலிருந்து வர வேண்டிய போன் அழைப்பு இப்போது வருவதில்லை. ஆனால் நள்ளிரவில் காரணமே இல்லாமல் சைரன் அலறுகிறது. நானும் மனைவியும் மகன் வீட்டுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். பார்க்க வந்த கடைக்காரர், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒயர்லெஸ் செட்டும் நான்கு கேமராவும் போட 68,000 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் இருப்பதில் விலை மதிப்புள்ள பகுதி சுவருக்குள் ஓடும் அந்த ஒயர்தான். பைப்புக்குள் இருக்கும் ஒயர் இன்னும் பல வருடம் உழைக்கும். கதவு மேக்னட்டும் ஒரு சாதாரண சுவிட்ச்தான். ஒயர் இணைப்பை ஏற்கும் எந்தப் புது பேனலிலும் (அலாரத்தை இயக்கும் பெட்டி) அதைச் சேர்க்கலாம். ஒயர்லெஸ் சென்சார் என்றால் ஒவ்வொன்றிலும் பேட்டரி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒயர் ஏற்கெனவே உள்ள வீட்டில் அந்தத் தொல்லை எதற்கு?

போன் வராததற்கு முதலில் சிம்மைப் பாருங்கள். அலாரத்தில் உள்ள சிம் மாதக்கணக்கில் யாரையும் அழைக்காது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் இல்லாமல் கிடந்தால் இணைப்பைத் துண்டிக்க விதியில் இடமிருக்கிறது. ரீசார்ஜ் முடிந்துபோயிருந்தாலும் வெளி அழைப்பு போகாது. சிம்மை எடுத்து ஒரு போனில் போட்டு அழைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் காலத்துப் பேனல் பெரும்பாலும் 2ஜி. அதில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது, ஜியோவிடம் 2ஜி சேவையே கிடையாது. அதனால் பேனலை மட்டும் 4ஜி பேனலாக மாற்றுவது நியாயமான செலவு. உங்களுக்குத் தேவையான மேம்பாட்டில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து பேட்டரி. பேனல் பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். நம் ஊர் வெயிலில் மூன்று, நான்கு வருடத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது. புதிது ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின் இருக்கும். பழையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், குப்பையில் போடாதீர்கள்.

இங்கே ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறீர்களா? நம் வீடுகளில் பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறோம். அணைத்துவிட்டால் அலாரம் பேட்டரியில் ஓடும். புது பேட்டரியே ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துவிடும். மீதி நாளெல்லாம் வீட்டுக்குக் காவலே இல்லை. வைஃபை ரவுட்டரும் அணைந்துவிடுவதால் கேமராவும் உங்கள் போனுக்கு எதையும் அனுப்பாது. எலக்ட்ரீஷியனை அழைத்து, அலாரம் பேனலுக்கும் ரவுட்டருக்கும் வாசல் விளக்குக்கும் தனி எம்.சி.பி. (மின்சாரப் பாதுகாப்பு சுவிட்ச்) போட்டு வாங்குங்கள். மற்றதை அணைத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பலாம். 68,000 ரூபாய் பட்டியலில் இது இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, நள்ளிரவு அலறல். ஆள் நடமாட்ட சென்சார் உடல் சூட்டைத்தான் பார்க்கிறது; சுற்றியுள்ள சூட்டிலிருந்து வேறுபட்ட ஒன்று நகர்ந்தால் அலாரத்தைத் தட்டிவிடும். அந்த வெள்ளை முகப்பின் மீது பல்லி ஓடினால் அதற்கு ஒரு ஆளே ஓடியது போலத்தான். ஒயர் வரும் ஓட்டை வழியே எறும்பு புகுந்து குடியேறுவதும் சகஜம். சென்சாரைத் திறந்து சுத்தம் செய்து, ஓட்டையை சிலிகான் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். எதிரே காற்றில் ஆடும் திரையோ, நேராக வெயில் விழும் ஜன்னலோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். தன்னை நோக்கி நேராக வருபவரைவிட, குறுக்கே கடப்பவரைத்தான் இந்த சென்சார் சீக்கிரம் பிடிக்கும். அதனால் மூலைதான் நல்ல இடம். இன்னொன்று: மே மாதம் பூட்டிய வீட்டின் சுவரும் மனித உடலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது சென்சாரின் கூர்மை குறையும். இந்த இரண்டு சென்சாரை மட்டும் புதிதாக வாங்கினால் வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வகையாகக் கேளுங்கள்.

பொய் அலறலை அலட்சியமாக விடாதீர்கள். நான்கு முறை வீணாக அலறினால், ஐந்தாம் முறை எதிர்வீட்டுக்காரர் எழுந்து பார்க்க மாட்டார். அலாரம் திருடனைப் பிடிக்காது. சத்தம் போட்டு யாரையாவது வரவழைக்கும், அவ்வளவுதான். யார் வருவார் என்பதை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். பல வீட்டுப் பேனல்கள் முதலில் அழைக்கும் எண் வெளியூரில் இருக்கும் மகனுடையது. அவர் அங்கிருந்து பதறத்தான் முடியும். முதலில் எதிர்வீடு, அடுத்து நடந்து வரக்கூடிய தூரத்தில் உள்ள உறவினர், கடைசியில் நீங்களும் மகனும் என்று வையுங்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: அழைப்பு வந்தால் தனியாக உள்ளே போக வேண்டாம், 112-ஐ அழைத்துவிட்டு விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுத்தால் போதும். கிளம்பும் முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் நாட்களை எழுதிக் கொடுங்கள். ரோந்து போகும்போது பார்க்கச் சொல்லலாம்.

புதிதாகச் சேர்ப்பதென்றால் நான் சேர்ப்பது இரண்டு. வாசலிலும் பின்கதவிலும் அதிர்வு சென்சார்: மேக்னட் கதவு திறந்த பிறகுதான் சொல்லும், இது கடப்பாரை பட்டதுமே சொல்லும். அப்புறம் வீட்டுக்குள்ளும் ஒரு சைரன். காது வலிக்கும் இடத்தில் நின்று பீரோவை உடைக்க யாருக்கும் மனம் வராது. பேனல் வாசல் பக்கம் தொங்கினால் உள்ளறைக்கு மாற்றுங்கள். வாசலில் எண் அழுத்தும் கீபேட் போதும். கிரில் கேட்டில் வெளியே தொங்கும் பெரிய பூட்டையும் எடுத்துவிட்டு, உட்புறம் பதிக்கும் பூட்டாகப் போடுங்கள். தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்கிறது.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலுக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று போதும். ஆனால் அலாரத்துக்கு அது மாற்று ஆகாது. முகத்தை மூடிக்கொண்டு வருபவரை அது படம் பிடிக்கும், தடுக்காது. 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை விதிகள் கட்டாயமாகியிருக்கின்றன, பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, எங்கள் வீட்டில் பட்ட பாடு. பேனலின் அமைப்பை மாற்றத் தேவையான ரகசிய எண்ணை (இன்ஸ்டாலர் கோடு), அதை மாட்டிய நிறுவனம் எங்களிடம் தரவே இல்லை. அவர்கள் கடையை மூடிய பிறகு, ஒரு போன் எண்ணை மாற்றக்கூட வழியில்லாமல் நல்ல பேனலைக் கழற்ற வேண்டியதாயிற்று. இந்த ரகசிய எண், ஒயரிங் படம், ஜி.எஸ்.டி. பில் மூன்றும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: சென்னையில் வாடகை பிளாட். சுவரில் துளை போட உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அலாரம் வைக்க வழி உண்டா?

பதில்: ஒயர்லெஸ் செட் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். கதவு மேக்னட்டை இருபக்க டேப்பில் ஒட்டலாம், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வைஃபையை மட்டும் நம்பும் செட் வேண்டாம், சிம்மும் போடக்கூடியதாக வாங்குங்கள். மிக மலிவான செட்டுகளில் ரிமோட் எப்போதும் ஒரே சிக்னலை அனுப்பும். அதைப் பதிவு செய்து நகலெடுக்க முடியும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சிக்னல் மாறும் ரிமோட்டா என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: அலாரம் பராமரிப்புக்கு ஒரு வருட ஏ.எம்.சி. பணம் முழுவதும் கட்டிவிட்டேன். நான்கு மாதமாக டெக்னீஷியன் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: இனி போனில் மட்டும் பேசாதீர்கள். குறை என்ன, எந்தெந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று எழுதி, 15 நாள் கெடு கொடுத்து ஈமெயிலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யுங்கள். அதிலும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், ஒப்பந்தம், அவர்களுடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ‘நாளைக்கு ஆள் அனுப்புகிறோம்’ என்று அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் உங்கள் சாட்சி.