ஸ்டாண்ட்பை நாளில் இன்னொரு வேலை பார்க்கலாமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக விமானத்தில் கேபின் க்ரூவாக (பணிப்பெண்ணாக) இருக்கிறேன். மாதத்தில் ஆறேழு நாள் வீட்டு ஸ்டாண்ட்பை, அதாவது கம்பெனி கூப்பிட்டால் உடனே பறக்கக் கிளம்பத் தயாராக வீட்டில் இருக்க வேண்டிய நாள். யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, பெட்டியைக் கதவருகே வைத்துவிட்டு, குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோகிறேன். பாதி நாள் அழைப்பே வருவதில்லை. சாயங்காலம் ஆனதும் ஒரு நாள் வீணாய்ப் போச்சே என்று இருக்கிறது. பகுதிநேரமாக ஏதாவது செய்தால் கொஞ்சம் வருமானம் வரும், இல்லையென்றால் யாருக்காவது உதவியாவது செய்யலாம். கூட வேலை செய்யும் ஒருவர் அந்த நாட்களில் ஆப் டாக்ஸி ஓட்டுகிறார். நானும் அப்படி ஏதாவது செய்யலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டாக்ஸி வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

ஸ்டாண்ட்பை நாளை நீங்கள் ஏற்கெனவே கம்பெனிக்கு விற்றுவிட்டீர்கள். கூப்பிட்டால் வருவேன் என்பதோடு, வரும்போது ஓய்வெடுத்த உடம்போடு வருவேன் என்பதும் அந்த விலையில் அடக்கம். ஐரோப்பிய விதிகளைப் பாருங்கள். வீட்டு ஸ்டாண்ட்பை 16 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த நேரத்தில் கால் பங்கு பணி நேரக் கணக்கில் சேரும். ஸ்டாண்ட்பையும் அதைத் தொடர்ந்து வரும் பறப்பும் சேர்ந்து ஒருவரை 18 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்க வைக்காதபடி கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் ரோஸ்டரை (பணி அட்டவணையை) ஆளும் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் களைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். காலை 5 மணிக்கு எழுந்து மதியம் 2 வரை வண்டி ஓட்டுகிறீர்கள், 3 மணிக்கு அழைப்பு வருகிறது, இரவு விமானம் என்று வையுங்கள். இரவு 11 மணிக்கே உங்களுக்கு 18 மணி நேரம் முடிந்துவிடும். விமானம் அப்போதுதான் பாதி வழியில் இருக்கும். நடுவில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்திருப்பீர்கள் என்று ரோஸ்டர் போட்டவர் நினைத்திருப்பார். நீங்கள் சிக்னலில் நின்றுகொண்டிருந்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

அதனால் எந்த வேலையை எடுத்தாலும் இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். அது உடம்பைக் களைப்பாக்குமா? போன் அடித்த நிமிடத்தில் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தால் யாராவது நடுவழியில் நிற்பார்களா? டாக்ஸி இரண்டிலும் தோற்கிறது. இரண்டாவதில் நிஜமாகவே ஒருவர் நடுவழியில் நிற்பார்.

இந்த இரண்டாவது கேள்வி சம்பள வேலையை விட சேவைக்குத்தான் அதிகம் பொருந்தும். நாம் அங்கேதான் அதைக் கேட்க மறந்துவிடுகிறோம். என்னோடு பறந்த தோழி ஒருத்தி, பார்வையற்ற மாணவர் ஒருவருக்குப் பரீட்சை எழுதிக்கொடுக்க ஒப்புக்கொண்டாள். ஸ்டாண்ட்பைதானே, யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று நினைப்பு. பரீட்சை 10 மணிக்கு, க்ரூவைப் பணிக்கு அழைக்கும் பிரிவான க்ரூ கன்ட்ரோல் 7 மணிக்குக் கூப்பிட்டது. அவள் யூனிஃபார்மோடு நின்று ஊரில் உள்ள எல்லோருக்கும் போன் போட்டதை நான் பார்த்தேன். கடைசியில் ஆள் கிடைத்தது. ஆனாலும் அந்த மாணவருக்கு அன்று காலை எப்படி இருந்திருக்கும்! நல்ல மனசோடு செய்த காரியம்தான், நாள்தான் தப்பு. பரீட்சை எழுதிக்கொடுப்பது, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது, மனநல உதவி எண்ணில் ஷிப்ட் எடுப்பது, முதலுதவிப் பயிற்சி நடத்துவது எல்லாமே உங்களைப் போன்றவர்கள் அருமையாகச் செய்யக்கூடியவை. வார விடுப்பு நாளில் செய்யுங்கள்.

சரி, ஸ்டாண்ட்பைக்கு என்னதான் பொருந்தும்? 'பி மை ஐஸ்' என்று ஒரு ஆப் இருக்கிறது. 2015-இல் டென்மார்க்கில் தொடங்கியது. மருந்துச் சீட்டில் தேதி என்ன, இந்தச் சட்டை என்ன நிறம் என்று பார்வையற்ற ஒருவர் வீடியோவில் கேட்பார், நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அழைப்பு ஒரே சமயத்தில் பல தன்னார்வலர்களுக்குப் போகும். நீங்கள் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுப்பார், யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். ஸ்டாண்ட்பைக்காரருக்கென்றே யோசித்துச் செய்தது போல எனக்குத் தோன்றும்.

தமிழில் நாட்டம் உண்டென்றால் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களை மெய்ப்பு பார்க்கலாம். ஒரு பக்கம் திருத்திச் சேமித்தால் அந்தப் பக்கம் முடிந்தது, அடுத்ததை நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த மாதமும் பார்க்கலாம். கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கக் குரல் பதிவுகளைத் திரட்டும் 'காமன் வாய்ஸ்' திட்டத்துக்குத் தமிழ் வாக்கியங்களை வாசித்துக் குரல் கொடுக்கலாம், அதுவும் ஒவ்வொரு வாக்கியமாகத்தான். பேரிடர் பகுதிகளின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, வீடுகளையும் சாலைகளையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய வரைபடத்தில் வரையும் வேலையும் இருக்கிறது. 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது இப்படித்தான் உலகெங்கும் உட்கார்ந்திருந்தவர்கள் வரைந்து கொடுத்தார்கள். வரைபடத்தில் ஒரு கட்டத்தை எடுத்து முடிக்க முடியாமல் போனால் விட்டுவிடலாம், வேறொருவர் தொடர்வார்.

வருமானம் வேண்டுமென்றால், மணிக்கணக்கில் இல்லாமல் நாள்கணக்கில் கெடு வைக்கும் வேலையாகத் தேடுங்கள். மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், டிசைன், தையல் இப்படி. இரண்டு நாளில் முடியும் வேலைக்கு ஐந்து நாள் கேளுங்கள், திடீரென்று லேஓவரில் (வெளியூரில் தங்க வேண்டிய நிலையில்) மாட்டினாலும் தப்பிக்கலாம். க்ரூ இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவது நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் கம்பெனியின் தேர்வு முறையை வெளியே சொல்வதாக அது ஆகிவிடக் கூடாது.

எதுவாக இருந்தாலும் உங்கள் ஒப்பந்தத்தில் வெளி வேலை பற்றிய பிரிவை எடுத்துப் படியுங்கள். அனுமதி தேவையென்றால் எழுத்தில் வாங்குங்கள். மேலாளர் தலையாட்டினார் என்பது பிரச்சினை வரும் நாளில் உதவாது. யூனிஃபார்மில் எடுத்த படத்தை விளம்பரத்துக்குப் போடாதீர்கள். விமான நிலைய ஸ்டாண்ட்பை என்றால் வெளி வேலைப் பேச்சே வேண்டாம். அது முழுக்க ட்யூட்டி நேரம்.

நல்ல காரியம் என்ற பெயரில் கவனத்திலிருந்து நழுவிவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. ரத்ததானம் செய்த கையோடு பறக்கக் கூடாது என்று உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். ஸ்டாண்ட்பையும் பறக்கும் நாள் மாதிரிதான், அதனால் அதை வரிசையாக விடுப்பு இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். கடலடிக் குப்பை அள்ளும் டைவிங் குழுக்களில் சேர ஆசை இருந்தால் அதற்கும் இதே கதைதான். பலமுறை மூழ்கி எழுந்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவிங் மருத்துவர்களின் பரிந்துரை. மேலே வரும்போது உடம்பின் அழுத்தம் குறைய நடுவில் நின்று நின்று வர வேண்டியிருந்த டைவ் என்றால் 24 மணி நேரம் விடுவது நல்லது.

ஒன்றும் செய்யாமல் மதியம் படுத்துத் தூங்கினாலும் அந்த நாளின் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பி மை ஐஸைப் போடுவதென்றால் க்ரூ கன்ட்ரோலுக்குக் கொடுத்த போனில் போடாதீர்கள். வீட்டில் பழைய போன் ஒன்று கிடக்கும், அதில் போடுங்கள்.