வாசகர் கேள்வி – பதில்: ஒரு பின்னேரத்தில் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவு

கேள்வி: கனடாவிலிருந்து வந்த என் மச்சாள் குடும்பம் இரண்டு கிழமையாக அறுகம்குடா, பாசிக்குடா என்று கடலிலேயே கிடந்துவிட்டு, கடைசி நாள் மட்டக்களப்பில் இரவு ரயில் ஏறுகிறார்கள். நடுவில் ஒரு பின்னேரம்தான். ‘கோட்டையை விட்டால் என்ன இருக்கு?’ என்கிறாள். எங்கே கூட்டிப்போவது?
– வாசகி, கல்முனை

பதில்: கோட்டையை விட்டால் என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாரே! முக்கால்வாசிப் பேர் வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போங்கள், வெயில் இருக்கும்போதே. போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள், பத்தே வருடத்தில், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள், இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதல் கோட்டை இதுதான். காலிக் கோட்டை மாதிரி நினைத்து வராதீர்கள், சின்னது. நாலு மூலையிலும் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், பல காலம் இதற்குள்தான் இயங்கியது, அதனால் நம்மில் பலருக்குக் கோட்டை என்றதும் பீரங்கியா ஞாபகம் வருகிறது, கையில் பிடித்துப் போன படிவம்தான்.

அப்புறம் ஓட்டோ வேண்டாம், நடங்கள். மெதடிஸ்த மத்திய கல்லூரியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1814 இல் வில்லியம் ஓல்ட் என்ற பாதிரியார் தொடங்கியது, பாவம், வந்து ஒரு வருடம் ஆகுமுன்னே இறந்துபோனார்.

பொழுது சாய்கிற நேரம் கல்லடி. 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் புதியதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இந்த வாவியில் மீன் பாடுமாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிலவு இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும். நான் மூன்று தரம் போய் ஒரு தரம்தான் கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அது சரிவராது, அடுத்த முறைக்கு வையுங்கள்.

கேள்வி: போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் இப்போதும் போர்த்துக்கேயம் பேசுகிறார்களா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: மூத்தவர்கள் வீட்டுக்குள் பேசுகிறார்கள், நம் ஊர் மொழிகளோடு கலந்து மாறிய போர்த்துக்கேயம் அது. பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்தான். அது கிடக்கட்டும், நீங்களும் தினமும் கொஞ்சம் பேசுகிறீர்கள். சாவி, ஜன்னல், அலுமாரி, கதிரை எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். காலையில் பாண் வாங்கி வந்து மேசையில் வைத்தால் இன்னும் இரண்டு ஆயிற்று.