வகாலாவில் கையெழுத்திடும் முன்

கேள்வி: ஜித்தாவில் ஒரு குடும்ப நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். முதலாளி காலமாகிவிட்டார். அவருடைய மகள் தம் பங்கைக் கொண்டு சமையலறைப் பொருள்கள் விற்கும் தனி நிறுவனம் தொடங்க விரும்புகிறார்; என்னையும் அழைக்கிறார். இரண்டு அண்ணன்மாரின் சம்மதம் இல்லாமல் அது நடக்குமா? அவர்கள் ஒரு வகாலாவில் (அதிகாரப் பத்திரத்தில்) அவருடைய கையெழுத்துக் கேட்கிறார்களாம். (கடையநல்லூர் வாசகர்)

பதில்: நடக்கும். ஆண் காப்பாளரின் ஒப்புதல் இன்றியே பெண்கள் தொழில் தொடங்கலாம் என்று சவுதி அரசு 2018-இலேயே அறிவித்துவிட்டது. ஆகவே, "அண்ணன் கையெழுத்தில்லாமல் சிஜில் (வணிகப் பதிவு) வராது, நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் முஅக்கிபை (அரசு அலுவலக வேலைகளை முடித்துத் தரும் தரகரை) வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். குடும்ப நிறுவனத்தை நடத்தி வளர்ந்த லுப்னா ஒலயான் 2019-இல் ஒரு வங்கிக்கே தலைவரான நாட்டில், கடன் கேட்டுப் போகும் பெண்ணிடம் "வீட்டு ஆண்கள் யாரும் வரவில்லையா?" என்று இன்னமும் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வெட்கக்கேடு.

என் கவலையெல்லாம் அந்த வகாலாவைப் பற்றியதுதான். கடன்களும் மரண சாசனமும் தீர்ந்தபின், இறந்தவரின் பெற்றோர் உயிரோடில்லை, மனைவி இருக்கிறார் என்று கொண்டால், சொத்தை 40 பங்காக்கித் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7 என்று பிரிப்பார்கள். அந்த 7 பங்கு தந்தை இறந்த நாளிலிருந்தே மகளுக்குரியது. அண்ணன்மார் கொடுத்து அவர் வாங்குவதில்லை. ஆனால் "அலுவலக வேலைக்காகத்தான்" என்று சொல்லி நீட்டப்படும் பொது வகாலாவில், வாடகை வசூலிப்பது, அரசு அலுவலகத்தில் ஆஜராவது என்ற வரிகளுக்கு நடுவே, விற்பது, அடமானம் வைப்பது, வாரிசுப் பங்கை விட்டுக்கொடுப்பது ஆகிய அதிகாரங்களும் அமைதியாக உட்கார்ந்திருக்கும். துக்க வீட்டில் அதை யாரும் படிப்பதில்லை. நீதி அமைச்சகத்தின் நாஜிஸ் இணையதளத்தில் அதிகாரங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், காலவரையும் குறிக்கலாம். எனவே தேவையானதை மட்டும், குறுகிய காலத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதே தளத்தில் ரத்து செய்யலாம், ஆனால் அதற்கு முன்பே விற்கப்பட்டதை மீட்க நீதிமன்றப் படிதான் ஏற வேண்டியிருக்கும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தந்தை தம் வாழ்நாளிலேயே நிறுவனப் பங்குகளைக் குடும்ப வக்ஃபாக எழுதி வைத்திருந்தால், மேலே சொன்ன 40 பங்குக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. வக்ஃபாகிய சொத்து வாரிசுரிமைக்கு வெளியே போய்விடுகிறது; மகள் அதன் பயனாளியே தவிர உரிமையாளர் அல்லர். ஆண்டுதோறும் வரும் வருமானத்தில் வக்ஃப் பத்திரம் சொல்லும் பாகம் அவருக்குக் கிடைக்கும்; மூலதனத்தை விற்றுப் புதுக் கடைக்கு முதலாக்க முடியாது. நாளிர் என்னும் நிர்வாகி, பெரும்பாலும் மூத்த மகன், அவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். எனவே வாரிசுகளை உறுதிசெய்யும் பத்திரத்தோடு, வக்ஃப் பத்திரம் ஏதேனும் உண்டா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பங்கு கைக்கு வரும் என்று நம்பிக் கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு வக்ஃப் என்று தெரிந்தால் சமாளிப்பது கடினம்.

கடைசியாக உங்களைப் பற்றி. சம்பளத்துக்குச் சேருங்கள், ஒப்பந்தத்தை, வேலை ஒப்பந்தங்களுக்கான அரசு இணையதளமான கிவாவில் பதியுங்கள். "சிஜில் அந்தம்மா பெயரில், முதலும் லாபமும் நமக்கு, மாதம் ஒரு தொகை அவருக்கு" என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது தஸத்துர், அதாவது சவுதி நாட்டவர் பெயரில் வெளிநாட்டவர் மறைமுகமாகத் தொழில் நடத்தும் பினாமிக் குற்றம். 2020 சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரியால் வரை அபராதமும் விதிக்கலாம். பெயர் கொடுத்தவரும் தப்ப முடியாது. பழைய நிறுவனத்தோடு நீங்கள் செய்த ஒப்பந்தத்தில் போட்டித் தொழிலில் சேரத் தடை எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் அது வேலையை விட்ட நாளிலிருந்து அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை உங்களைக் கட்டுப்படுத்தலாம்.