சர்க்கரை இருந்தாலே ஆஸ்பிரின் போட வேண்டுமா?

கேள்வி: வயது 52, ஆண். எட்டு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாத சராசரி 8.2, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 118, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 240, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 36, தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 2.4 லட்சம். இதய நோய் இல்லை. ‘ரத்தம் கெட்டியா இருக்கும்’ என்று மெடிக்கல் ஷாப்பில் ஆஸ்பிரின் 75 கொடுத்தார்கள். கொழுப்பைக் குறைக்க டாக்டர் எழுதிய அட்டோர்வாஸ்டாட்டின் சர்க்கரையை ஏற்றும் என்றார்கள், நிறுத்திவிட்டேன். சரிதானா?

பதில்: சரியில்லை. வேண்டிய மாத்திரையை விட்டுவிட்டு, உங்களுக்குத் தேவைப்படாததைப் போடுகிறீர்கள்.

சர்க்கரை கட்டுப்படாதபோது தட்டணுக்கள் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் 2.4 லட்சம் என்பது வெறும் எண்ணிக்கை. ஒட்டும் வேகத்தை அது காட்டாது. அதை வைத்து ‘ரத்தம் கெட்டி’ என்று யாராலும் சொல்ல முடியாது. மாரடைப்பில் பெரும்பாலும், ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு வெடிக்கும் இடத்தில்தான் தட்டணுக்கள் கூடி அடைக்கின்றன. அந்தப் படிவைக் குறைப்பதுதான் முதல் வேலை. இதய நோய் இல்லாத சர்க்கரை நோயாளிகளிடம் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 37 சதவீதம் குறைத்தது என்று 2004-இல் ‘கார்ட்ஸ்’ ஆய்வு காட்டியது. சர்க்கரை கொஞ்சம் ஏறலாம்தான். அதற்காக இதை நிறுத்துவது பெரிய நஷ்டம்.

தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின்? 2018-இல் வந்த ‘அசென்ட்’ ஆய்வில் உங்களைப் போன்ற 15,480 பேரை ஏழு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். ஆஸ்பிரின் போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவு 3.2-இலிருந்து 4.1 ஆகக் கூடியது. கிடைத்த லாபம் பெரும்பாலும் அதிலேயே போய்விட்டது.

ஆனால் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். பல் பிடுங்கவேண்டும், வயிறு எரிகிறது, ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்துவிட்டது, எதுவானாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது. ஸ்டென்ட் திடீரென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

சீட்டு இல்லாமல் மாத்திரையைக் கிழித்துக் கொடுப்பதும், லேப்களில் ‘அட்வான்ஸ்டு’ பரிசோதனை பேக்கேஜைத் தலையில் கட்டுவதும் இங்கே யாரும் தட்டிக்கேட்காத வியாபாரம். மருத்துவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் நீங்கள் கடைக்காரர் பேச்சை நம்பியிருக்கமாட்டீர்கள். அந்தப் பேக்கேஜ் எதுவும் வேண்டாம். உங்கள் ட்ரைகிளிசரைடு சர்க்கரை இறங்கினாலே பெருமளவு இறங்கும். மருத்துவரைப் பார்த்து அட்டோர்வாஸ்டாட்டினை மறுபடி தொடங்குங்கள், ஆஸ்பிரின் போட்டதையும் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் சாதாரண லிப்பிட் (கொழுப்பு) பரிசோதனை போதும். எல்டிஎல் 70-க்குக் கீழே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.