சவுக்கு கருகுகிறது: 'ஹார்மோன் மரபணு' கன்று வாங்கலாமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் ஒன்றரை ஏக்கரில் சவுக்கு வைத்தேன். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மூன்றே மாதத்தில் பாதிக் கன்றுகள் நுனி கருகிவிட்டன. சில மட்டும் பச்சையாக நிற்கின்றன. உப்பையும் வறட்சியையும் தாங்கும் ஹார்மோன் மரபணுக் கன்று வந்துவிட்டது என்கிறார்கள். எங்கே கிடைக்கும்?

பதில்: அப்படிச் சொல்லி யாராவது விற்றால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மரபணு மாற்றிய பயிர்களில் நம் நாட்டில் வணிகச் சாகுபடிக்கு வந்தது 2002-இல் அனுமதித்த பி.டி. பருத்திதான். சவுக்கில் அப்படி எதுவும் விற்பனையில் இல்லை.

ஆனால் அந்த ஹார்மோன் உங்கள் கன்றுக்குள்ளேயே சுரக்கிறது. பெயர் அப்சிசிக் அமிலம். ஈரம் குறைந்தாலோ உப்பு ஏறினாலோ என்.சி.இ.டி. என்ற மரபணு விழித்து இதைச் சுரக்க வைக்கும். உடனே இலைத்துளைகள் மூடும், தண்ணீர் மிச்சமாகும். உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் நடுப்பைக்குள் அடைத்துவைக்க வேறு மரபணுக்கள் உண்டு. சரி, இதையே எந்நேரமும் முடுக்கிவிட்டால் என்ன? துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே போகாது. மரம் உயிரோடிருக்கும், பருக்காது. சவுக்கை எடைக்கு விற்கும் நமக்கு அது நஷ்டம். அதனால்தான் நெருக்கடியில் மட்டும் வேலை செய்கிற மாதிரி அமைக்க ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

பச்சையாக நிற்கும் கன்றுகள்தான் எனக்கு முக்கியம். அவற்றின் அடிமண்ணையும் கருகியவற்றின் அடிமண்ணையும் தனித்தனியாக எடுத்து, கிணற்றுத் தண்ணீரோடு ராமநாதபுரம் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் காட்டுங்கள். பச்சைக் கன்று நிற்கும் இடத்தில் உப்பே குறைவென்றால் அதில் விசேஷம் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே உப்பு என்றால் அந்தப் பச்சைக் கன்றை விட்டுவிடாதீர்கள்; வளர்ந்ததும் இளங்கிளையை வெட்டி, வேர்விடத் தூண்டும் ஹார்மோனில் தோய்த்து நட்டால் அதே குணமுள்ள கன்றுகள் கிடைக்கும்.

சோதனையில் மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸுக்கு மேல் இருந்தால் உவர்மண். கார அமிலநிலை (pH) 8.5-ஐத் தாண்டிய களர்மண்ணுக்குத்தான் ஜிப்சம். வெறும் உவருக்கு அதைக் கொட்டுவது வீண் செலவு. உங்கள் மணல் நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையே உப்பைக் கீழே இறக்கிவிடும். நல்ல மழை ஒன்று பெய்த பிறகு, பாத்தியின் உச்சியில் நடாமல் சரிவில் நடுங்கள், உப்பு உச்சியில்தான் பூக்கும். நடுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் நாற்றங்காலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கன்று அப்போதே தாகத்துக்குப் பழகிவிடும். அப்புறம், தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அந்த நீர் காய்ந்து உப்பு வேரடியிலேயே தங்குகிறது. சில நாள் இடைவெளி விட்டு, ஆழமாக நனையும்படி பாய்ச்சி, தூரைச் சுற்றிப் பனையோலை பரப்பிவிடுங்கள்.