சாக்கேயில் ஊர்ச்சுவை அறிய எங்கே தொடங்குவது?

கேள்வி: அலுவலக வேலையாக ஒசாகா செல்கிறேன். இரண்டு நாள் ஓய்வு உண்டு. முன்பு ஓர் உணவகத்தில் ஆவி பறக்கத் தந்த சாக்கே என்ற ஜப்பானிய அரிசி மது நெடியாக மூக்கில் ஏறியதோடு சரி. ஊருக்கு ஊர் சுவை மாறும் என்கிறார்களே, என் நாக்குக்கு அது பிடிபடுமா?

பதில்: பிடிபடும். நீங்கள் இறங்கும் ஊரும் தோதான ஊர். ஒசாகாவுக்கு மேற்கே, கோபே கடற்கரையை ஒட்டிய நடா. வடகிழக்கே, கியோட்டோவின் ஃபுஷிமி. இரண்டும் சாக்கேக்குப் பேர்போன இடங்கள்; ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாளுக்கு ஒன்றாகப் போய்வாருங்கள்.

இரண்டு ஊரையும் பிரிப்பது முதன்மையாகத் தண்ணீர். யமமுரா தசாயெமோன் என்ற சாக்கே தயாரிப்பாளருக்கு நடா வட்டாரத்தின் நிஷினோமியாவிலும் உவோசாகியிலும் வடிப்பகங்கள் இருந்தன. நிஷினோமியா சரக்கே எப்போதும் உயர்ந்து நின்றது. அரிசியை மாற்றிப் பார்த்தார், ஆட்களை மாற்றிப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் நிஷினோமியாக் கிணற்று நீரை உவோசாகிக்குச் சுமந்து வந்து வடித்ததும் குட்டு வெளிப்பட்டது. 1840 என்று ஆண்டு சொல்வார்கள். ‘மியமிசு’ எனப்படும் அந்த நீரில் தாதுக்கள் அதிகம், இரும்பு மிகக் குறைவு. நொதிக்க வைக்கும் ஈஸ்ட் கொழுத்து வேலை செய்வதால் நடா சாக்கே முறுக்காக, இனிப்புக் குறைந்து இருக்கும். ஃபுஷிமி நீர் அதைவிட மென்மையானது; நொதித்தல் நிதானமாக நடப்பதால் சுவையும் குழைவாக வரும். நடாவுடையது ஆண் சாக்கே, ஃபுஷிமியுடையது பெண் சாக்கே என்பது ஜப்பானியர் வழக்கு. உவமை பழசு, வேறுபாடு உண்மை.

இரண்டு ஊரிலும் ‘ஜுன்மாய்’ என்று கேளுங்கள். அரிசி, கோஜி பூஞ்சணம், ஈஸ்ட், தண்ணீர் மட்டும் சேர்ந்தது அது. அரிசியைப் பாதிக்கு மேல் தீட்டிய ‘தாய்கின்ஜோ’ விலை கூடியது. அதன் பழவாசனை முந்திக்கொள்வதால் ஊர்ச்சுவை சட்டென்று தெரியாது. முதல் பாடத்துக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

சிறு கிண்ணத்தை முதலில் முகர்ந்து, ஒரு மிடறை நாக்கில் பரவவிட்டு விழுங்குங்கள். விழுங்கிய பின்னும் கவனியுங்கள்: சுவை சட்டென்று அறுபடுகிறதா, தங்குகிறதா? அறுபடுவதை ‘கிரே’ என்பார்கள். நடாவில் அது தெளிவாகத் தெரியும். இரண்டு நாளும் தொட்டுக்கொள்ள ஒரே பண்டமாக, வாட்டிய மீனோ தோஃபுவோ வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது. பக்கத்தில் வெறும் தண்ணீர் கட்டாயம். சாக்கேயில் சுமார் 15 சதவீதம் ஆல்கஹால் உண்டு, வழவழப்பில் அது தெரியாது.

அந்தப் பழைய நெடிக்கு வருவோம். பெரும்பாலும் அது சூட்டின் குற்றம். 50 பாகைக்கு மேல் போனால் ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கைத் தாக்கும். ‘நுருகான்’ என்று கேளுங்கள். சுமார் 40 பாகை, குளிக்கும் வெந்நீர்ப் பதம். அதே ஜுன்மாயைக் குளிராகவும் ஒரு கிண்ணம் வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஊருக்கு ஒரு புட்டி எடுத்து வருவதானால் ‘நமசாக்கே’ மட்டும் வேண்டாம். சூடேற்றிப் பதப்படுத்தாத வகை அது. குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் கெட்டுவிடும்.