பரபரப்பான ஆய்வு முடிவுகளை எப்படிப் படிப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. ஓர் ஆய்வு முடிவு செய்தியாக வந்தால் அதை எந்த அளவுக்கு நம்புவது? துறைகள் வேறு வேறு. ஆனாலும் எல்லாவற்றிலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இதை எப்படி அளந்தார்கள்? அது தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியாது.

இயற்பியலில் ‘5 சிக்மா’ இருந்தால்தான் கண்டுபிடிப்பு என்கிறார்கள். மருத்துவ ஆய்வில் ‘பி-மதிப்பு 0.05-க்குக் கீழே’ என்றாலே போதும் என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?

முதலில் பி-மதிப்பு என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு மருந்து வேலையே செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும் வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய வித்தியாசம், அல்லது இதைவிடப் பெரியது, கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? அதுதான் பி-மதிப்பு. ‘மருந்து வேலை செய்ய 95 சதவீதம் வாய்ப்பு’ என்று இதைப் படிப்பது தவறு. ஆய்வாளர்களே அடிக்கடி செய்கிற தவறு இது என்பதால், 2016-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பி-மதிப்பைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டது.

அடுத்த சிக்கல், எத்தனை முறை தேடினோம் என்பது. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத 20 விஷயங்களைத் தனித்தனியாகச் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது 0.05-க்குக் கீழே வந்து வெற்றி போலத் தோன்ற 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. துகள் இயற்பியலாளர்கள் ஒரே தரவில் ஆயிரக்கணக்கான இடங்களில் தேடுகிறார்கள். அதனால்தான் வேலியை உயரமாகக் கட்டினார்கள். 5 சிக்மா என்றால், புதிய துகள் எதுவும் இல்லாதபோது பின்னணி இரைச்சல் மட்டும் அந்த அளவுக்கு எகிற ஏறத்தாழ 35 லட்சத்தில் 1 வாய்ப்பு. 2012 ஜூலை 4-ம் தேதி ஹிக்ஸ் துகளை (மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்கத் தேடப்பட்ட துகள்) அறிவித்தபோது அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு உணர்கருவிக் குழுக்களும் தனித்தனியாக இந்த வேலியை எட்டியிருந்தன.

வேலி ஏன் தேவை என்பதை அதே குழுக்களின் இன்னொரு அனுபவம் காட்டியது. 2015 டிசம்பரில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகு) அருகே இரண்டு கருவிகளின் தரவு வரைபடத்திலும் ஒரு மேடு தெரிந்தது. 5 சிக்மாவை அது எட்டவில்லை. ஆனாலும் அது என்ன துகளாக இருக்கும் என்று விளக்கி நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு மறைந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, தற்செயல் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

மருத்துவத்தில் 35 லட்சத்தில் 1 என்று கேட்க முடியாது. அங்கே ஒவ்வொரு தரவும் ஒரு மனிதர், நாள்கணக்கில் காத்திருக்கும் நோயாளி. அதனால் அங்கே ஒரே ஆய்வை வைத்து முடிவெடுக்காமல், வேறு குழுக்கள் செய்த சோதனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆய்வு, சிறிய குழு, பி-மதிப்பு 0.04 என்றால் நான் அதை ஒரு துப்பாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

ஒளியைவிட வேகமான நியூட்ரினோ என்று ஒருமுறை செய்தி வந்ததே, அது என்ன ஆயிற்று?

நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் மிக லேசான துகள். 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற ஆய்வுக் குழு அறிவித்த செய்தி அது. சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை சுமார் 730 கிலோமீட்டர். நியூட்ரினோக்கள் ஒளியைவிட ஏறக்குறைய 60 நானோநொடி முன்னதாக வந்ததாகக் கணக்கு காட்டியது. புள்ளியியல்படி முடிவு 5 சிக்மாவையும் தாண்டியிருந்தது. மேலே சொன்ன வேலி இங்கே உதவவில்லை என்பதைக் கவனியுங்கள். சிக்மா தற்செயலிலிருந்துதான் காப்பாற்றும். கருவியே ஒரே பக்கமாகத் தவறு செய்தால், எத்தனை ஆயிரம் முறை அளந்தாலும் அதே தவறுதான் திரும்பத் திரும்ப வரும்.

2012 பிப்ரவரியில் காரணம் வெளிவந்தது. ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழை கேபிளின் இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை. கூடவே கடிகாரத்திலும் ஒரு பிழை. பிறகு அதே இடத்தில் இருந்த இன்னொரு கருவி உட்பட, மறு அளவீடுகள் எல்லாம் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போயின.

ஆனால் சந்தேகம் கேபிளில் தொடங்கவில்லை. 1987-ல் ஒரு விண்மீன் வெடித்ததைப் பார்த்தோம். சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவு. அதிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்தன. வெடிப்பின் ஒளி வெளியே வரத் தாமதமாகும் என்பதால் அதில் வியப்பில்லை. ஓபெரா சொன்ன விகிதத்தில் அவை முந்தியிருந்தால் 4 ஆண்டுகளுக்கு மேல் முன்னால் வந்திருக்க வேண்டும். அந்த நியூட்ரினோக்களின் ஆற்றல் வேறு, அதனால் இது மட்டுமே இறுதித் தீர்ப்பாகாது. ஆனாலும் பெரும்பாலான இயற்பியலாளர்கள் பொறுத்திருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓபெரா குழு மேல் எனக்கு மரியாதை உண்டு. ‘எங்களுக்குப் பிழை தெரியவில்லை, நீங்களும் தேடுங்கள்’ என்று தங்கள் அளவீட்டை எல்லோர் முன்னாலும் வைத்தார்கள்.

99 சதவீதம் துல்லியமான பரிசோதனையில் எனக்கு நோய் என்று வந்தால், நோய் இருக்க 99 சதவீதம் வாய்ப்புதானே?

இல்லை. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய், 1,00,000 பேருக்குப் பரிசோதனை. நோயுள்ளவர்கள் 100 பேர், அதில் 99 பேரைச் சரியாகப் பிடித்துவிடும். நோயில்லாத 99,900 பேரில் 1 சதவீதம், அதாவது 999 பேருக்கும் தவறாக ‘நோய் இருக்கிறது’ என்று வரும். மொத்தம் 1,098 பேருக்கு அப்படி முடிவு வர, அதில் உண்மையான நோயாளிகள் 99 பேர். சுமார் 9 சதவீதம்தான்.

பரிசோதனை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. நோய் அரிதாக இருக்கும்போது முதல் முடிவு ஓர் எச்சரிக்கை மட்டுமே, இரண்டாவது வேறு வகைப் பரிசோதனை தேவை. அறிகுறிகளோடு வரும் ஒருவருக்கு இதே கணக்கு வேறு மாதிரி வரும். அவரைப் போன்றவர்களிடையே நோய் அரிதாக இருக்காது. பயந்து போய் எழுதியிருந்தீர்கள். மருத்துவரிடம் அடுத்த பரிசோதனை என்ன என்று கேளுங்கள், அதுவரை முடிவு கட்டிவிடாதீர்கள்.

அணுக்கரு இணைவில் கொடுத்ததைவிட அதிக ஆற்றல் கிடைத்துவிட்டது என்றார்கள். மின்சாரம் எப்போது வரும்?

லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றலை வெளிவிடுவதுதான் இணைவு. செய்தி உண்மைதான். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் ஆற்றலை இலக்குக்குக் கொண்டுபோயின, வெளிவந்தது 3.15 மெகாஜூல். பல பத்தாண்டு உழைப்பு அது, படித்த அன்று எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஆனால் ‘கொடுத்தது’ என்பதை எங்கே அளந்தார்கள் என்று பாருங்கள். இலக்கின் வாசலில். அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். எல்லைக்கோட்டைச் சுவரிலுள்ள மின் இணைப்புக்கு நகர்த்தினால் கிடைத்தது நூற்றில் ஒரு பங்குதான். இரண்டு கணக்குமே சரி. முதலாவது இயற்பியல் கேள்விக்குப் பதில், இரண்டாவது மின்நிலையக் கேள்விக்குப் பதில். நீங்கள் கேட்டது இரண்டாவது. அதற்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. பொறியியல் செய்திகளில் ‘திறன்’ என்று ஓர் எண் வந்தால், எதிலிருந்து எதுவரை என்று கேட்டுவிடுங்கள்.

சூரிய மின்கலங்களில் புதிய சாதனை என்று மாதம் ஒன்று வருகிறது. கூரையில் அது தெரிவதே இல்லையே?

சாதனை அளவீடு ஒரு நிலையான நிலைமையில் நடக்கும்: சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, மின்கலத்தின் வெப்பநிலை 25 டிகிரி. எல்லா ஆய்வகங்களும் ஒப்பிட்டுக்கொள்ள அது அவசியம். வெயிலில் கிடக்கும் தகடு 60 டிகிரியைத் தொடலாம். வழக்கமான சிலிக்கான் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் திறனில் சுமார் 0.4 சதவீதம் இழக்கும் என்று வைத்தால், வெப்பத்திலேயே 14 சதவீதம் போய்விடும். அப்புறம் அளவு. பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகைப் பொருளால் செய்யும் மின்கலங்கள் 2009-ல் 3.8 சதவீதத்தில் தொடங்கி 25-ஐத் தாண்டிவிட்டன, அசாத்திய வேகம். ஆனால் அந்தச் சாதனைகளில் பல, நகத்தின் அளவைவிடச் சிறிய துண்டுகளில் எட்டப்பட்டவை. பெரிய பரப்பில் சீராகப் பூசுவதும், ஈரத்தையும் வெப்பத்தையும் ஆண்டுக்கணக்கில் தாங்க வைப்பதும் தனிப் போராட்டம்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் தேர்வில் 90 மதிப்பெண் வாங்குகின்றன. வேலைக்கு வைத்தால் தடுமாறுகின்றன. மதிப்பெண் பொய்யா?

மதிப்பெண் பொய்யில்லை. அந்தத் தேர்வு அளந்ததும் நீங்கள் தேடுவதும் வேறு வேறாக இருக்கலாம்.

ஒரு காரணம், வினாத்தாள் முன்கூட்டியே தெரிந்திருப்பது. இணையத்தில் கிடக்கும் தேர்வுக் கேள்விகள் பயிற்சித் தரவுக்குள்ளும் நுழைந்துவிடுகின்றன. இன்னொன்று நுட்பமானது. இமேஜ்நெட் என்ற புகழ்பெற்ற படத்தொகுப்பின் தேர்வை 2019-ல் சில ஆய்வாளர்கள், முதலில் உருவாக்கிய அதே முறையைப் பின்பற்றிப் புதிதாகத் தயாரித்தார்கள். பழைய தேர்வில் சிறந்து விளங்கிய மாதிரிகளின் துல்லியம் 11 முதல் 14 சதவீதப் புள்ளிகள் வரை இறங்கியது. ஆனால் தரவரிசை பெரும்பாலும் மாறவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ‘எது சிறந்தது’ என்ற பதில் நிலைத்தது, ‘எவ்வளவு நல்லது’ என்ற பதில் நிலைக்கவில்லை.

மூன்றாவது காரணம்தான் ஆபத்தானது. மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டறியும் மாதிரிகளை ஆராய்ந்த 2018-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதை மாதிரி ஏறக்குறையப் பிழையின்றிச் சொல்லிவிட்டது. சில மருத்துவமனைகளில் நிமோனியா நோயாளிகள் அதிகம் என்பதால் அந்தத் தகவலே மதிப்பெண்ணைக் கூட்டும். புதிய மருத்துவமனைக்குப் போனால் அந்தக் குறுக்குவழி அடைபட்டுப்போகும்.

நல்ல தேர்வு எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் புரத வடிவக் கணிப்புக்கான காஸ்ப் போட்டியைச் சொல்வேன். 1994 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. சோதனைக்கூடத்தில் வடிவம் கண்டறியப்பட்டு, ஆனால் இன்னும் வெளியிடப்படாத புரதங்கள்தான் வினாத்தாள். விடை எங்கேயும் வெளியாகியிருக்காது, மனப்பாடம் செய்ய வழியில்லை. 2020-ல் ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி அங்கே வென்றதால்தான் உயிரியலாளர்கள் அதை உடனே பொருட்படுத்தினார்கள்.

2019-ல் கிலோகிராமை மாற்றிவிட்டார்களாமே, பழைய தராசெல்லாம் தவறா?

இல்லை. பாரிஸ் அருகே இருந்த ஓர் உலோக உருளைதான் அதுவரை கிலோ. நூறு ஆண்டில் அதற்கும் அதன் நகல்களுக்கும் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. 2019 மே 20 முதல் கிலோ, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் அளவான பிளாங்க் மாறிலியிலிருந்து வரையறுக்கப்படுகிறது. உங்கள் தராசுக்கு எந்த மாற்றமும் தெரியாதபடி எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள்.

துறை வல்லுநர்கள் சரிபார்த்து, பெரிய இதழில் வெளியான கட்டுரை என்றால் நம்பலாம்தானே?

வல்லுநர் சரிபார்ப்பு என்றால் இரண்டு மூன்று பேர் கட்டுரையைக் கவனமாகப் படிப்பது. பரிசோதனையை அவர்கள் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. நானும் அப்படிப் பல கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். மேசையில் உட்கார்ந்து எவ்வளவு கண்டுபிடிக்க முடியாது என்பது நன்றாகவே தெரியும்.

கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த ஒரு பாக்டீரியா, பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கைத் தன் டிஎன்ஏவில் சேர்த்துக்கொள்கிறது என்று 2010-ல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. 2012-ல் இரண்டு குழுக்கள் அதே பாக்டீரியாவைச் சோதித்து, அப்படி நடக்கவில்லை என்று காட்டின. கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது 2025-ல்தான். மோசடி என்று குற்றச்சாட்டு இல்லை, தரவு முடிவைத் தாங்கவில்லை என்பதே காரணம். ஆசிரியர்கள் அதை ஏற்கவும் இல்லை. திரும்பச் செய்து பார்த்த அந்த இரண்டு குழுக்களின் கட்டுரைகளைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன்.

ஆய்வாளர்களும் மனிதர்கள்தானே. தங்களுக்குப் பிடித்த முடிவைத் தேடிக்கொள்ளாமல் இருக்க என்ன ஏற்பாடு?

மிகச் சிறந்த கேள்வி. எளிய ஏற்பாடு ஒன்று: எதை அளக்கப் போகிறோம் என்பதைச் சோதனைக்கு முன்பே பதிவு செய்துவிடுவது. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்தக் கழகம் நிதி கொடுத்த பெரிய சோதனைகளை 2015-ல் ஆராய்ந்தார்கள். 2000-க்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17, சிகிச்சைக்குப் பலன் உண்டு என்றன. முன்பதிவு வழக்கமான பிறகு வந்த 25-ல் 2 மட்டுமே அப்படிச் சொன்னன. பழைய சோதனைகளோடு ஒப்பிடும்போது சிகிச்சைகளின் தரமும் மாறியிருக்கும் என்பதால் முழு வித்தியாசத்தையும் முன்பதிவின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் முடிவைப் பார்த்தபின் கேள்வியை மாற்றிக்கொள்ளும் வழி அடைபட்டது முக்கியக் காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இதைவிடக் கடுமையான ஏற்பாட்டை ஈர்ப்பலை (வெளியையே மெல்ல நெளியச் செய்தபடி பரவும் அலை) தேடும் லைகோ குழு செய்தது. 2010 செப்டம்பரில் அவர்களுடைய கருவிகளில் அருமையான ஒரு சமிக்ஞை வந்தது. பல மாதங்கள் பகுப்பாய்வு செய்து, கட்டுரையையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் எல்லோரும் கூடி மூடிய உறையைத் திறந்தார்கள். குழுவை சோதிப்பதற்காக மிகச் சிலர் ரகசியமாகப் புகுத்திய போலிச் சமிக்ஞை அது. கட்டுரை வெளியாகவில்லை. ஆனால் உண்மையான அலை வந்தால் தங்களால் கண்டுபிடிக்க முடியும் என்பது நிரூபணமானது.

2015 செப்டம்பர் 14 அன்று, 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கருவிகளிலும் சுமார் 7 மில்லிநொடி வித்தியாசத்தில் ஒரு சமிக்ஞை பதிவானபோது, குழுவினர் முதலில் விசாரித்ததே இது மறுபடியும் புகுத்தப்பட்டதா என்றுதான். யாரும் எதையும் புகுத்தவில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகும் ஐந்து மாதங்கள் சரிபார்த்துவிட்டு, 2016 பிப்ரவரி 11 அன்றுதான் உலகத்துக்குச் சொன்னார்கள்.